பதினெட்டு மில்லிமீட்டர் பிழை

மனித மனத்தை ஆராய வேண்டுமானால் முதலில் ஒரு மனிதன் வேண்டும். அயனம்பாக்கம் ஏரிக்கரையை ஒட்டி ஐம்பது ஏக்கரில் வேலி போட்டு உட்கார்ந்திருந்த தொண்டைமண்டல உயர் ஆய்வுப் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில் மற்ற எல்லாம் இருந்தது. ஜெர்மனியிலிருந்து வரவழைத்த கடிகாரம் இருந்தது, அது ஓடவில்லை. எலிகளுக்கென்று கட்டிய கூண்டு இருந்தது. எலிகள் அந்தக் கூண்டைத் தவிர எல்லா அறைகளிலும் இருந்தன. மனிதன்தான் இல்லை. ஆகவே செய்முறைத் தேர்வுக்கு வரும் மாணவன் பென்சில், ரப்பர், ஒரு மனிதன் ஆகியவற்றைத் தன் பொறுப்பில் கொண்டுவர வேண்டும் என்று விதி செய்துவிட்டார்கள்.

அப்படிக் கொண்டுவரப்படும் மனிதனுக்குத் துறையில் 'சப்ஜெக்ட்' என்று பெயர். சப்ஜெக்ட்டுக்கு இரண்டு தகுதிகள் உண்டு. உயிரோடு இருக்க வேண்டும்; உளவியல் தெரிந்திருக்கக் கூடாது. இந்த இரண்டாவது தகுதி பேராசிரியர்களிடமே தாராளமாக இருந்தாலும், அவர்களை உட்கார வைக்க விதியில் இடமில்லை.

எழுபத்திரண்டாம் வருஷம் எம்.ஏ. இரண்டாம் ஆண்டு படித்த குணசேகரன் மேனாம்பேட்டுக்காரன். உளவியல்மேல் ஆசைப்பட்டுச் சேர்ந்தவனல்ல. அந்தத் துறையில்தான் இடம் மீந்து கிடந்தது. அவன் குடும்பத்தார் ஒரு தலைமுறைக்கு முன்பு வரை அம்பத்தூர் வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். வயல்கள் தொழிற்பேட்டையானதும் அதே மண்ணில் கார்டு காட்டி நுழைந்து வேலை பார்த்தார்கள். அப்பா இல்லை. அம்மா தாயம்மாள், சைக்கிள் சக்கரத்துக்குக் கம்பி செய்யும் பாலாறு ஸ்போக்ஸ் ஒர்க்ஸில் வேலை செய்தாள்.

செய்முறை மாதிரித் தேர்வு வந்தபோது குணசேகரனுக்குச் சீட்டில் விழுந்தது அம்புப் பலகை. கறுப்புப் பலகையில் வெள்ளையாக இரண்டு கோடுகள். ஒன்றின் முனைகளில் அம்பு உள்பக்கம் மடங்கியிருக்கும். மற்றதில் வெளிப்பக்கம் விரிந்திருக்கும். விரிந்த கோடு நீளமாகத் தெரிவது கண்ணின் ஏமாற்றம். சப்ஜெக்ட் அந்தக் கோட்டை இழுத்தோ தள்ளியோ இரண்டையும் சமமாக்க வேண்டும். ஏமாந்து குட்டையாக வைப்பார். பலகையின் பின்னால் உள்ள அளவுகோலைப் பார்த்து, எத்தனை மில்லிமீட்டர் ஏமாந்தார் என்று எழுதிக்கொள்ள வேண்டும். இப்படி இருபது தடவை.

எத்தனை ஏமாற வேண்டும் என்பது புத்தகத்தில் இருந்தது. அது 1931-ல் அச்சான புத்தகம். முதல் பக்கத்தைக் கரையான் தின்றுவிட்டதால் எழுதியவர் யாரென்று துறையில் எவருக்கும் தெரியாது. அதனாலேயே அதன்மேல் மரியாதை கூடியிருந்தது. புத்தகம் பதினெட்டு மில்லிமீட்டர் என்று சொன்னது. ஆகையால் மேனாம்பேட்டிலும் ஆவடியிலும் நெமிலிச்சேரியிலும் வாழும் மனிதர்கள் பதினெட்டு மில்லிமீட்டர் ஏமாறக் கடமைப்பட்டிருந்தார்கள்.

விவரம் தெரிந்த மாணவர்கள் வாசலில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மதுரைவீரனைப் பிடிப்பார்கள். அவன் தொழில்முறை சப்ஜெக்ட். கொத்தவால் சாவடியில் கத்தரிக்காய்க்கு இருப்பதைவிட அவனிடம் ரகங்கள் அதிகம். ஒரே வாரத்தில் திங்கட்கிழமை மந்தபுத்தி, புதன்கிழமை மேதாவி, வெள்ளிக்கிழமை அடிமனத்தில் தாயை வெறுப்பவன் என்று மூன்று ஆய்வேடுகளில் நிரூபிக்கப்பட்டவன்.

"இன்னா எக்ஸ்பெரிமெண்டு?" என்று கேட்டான் மதுரைவீரன்.

"அம்புப் பலகைங்க."

"அதுவா. பதினெட்டு. உனுக்கு பாஸ் மார்க்கு போதுமா, பஸ்ட் கிளாஸ் வோணுமா?"

"ரெண்டுத்துக்கும் இன்னா வித்தியாசம்?"

"பாஸ்னா பதினாலு, இருவத்தொண்ணுன்னு சும்மா அட்ச்சி உட்ருவேன். பஸ்ட் கிளாஸ்னா மொதல்ல இருவத்திரெண்டுல ஆரம்பிச்சி போகப்போக கொறையணும். அப்பதான் கிராப்பு அயகா எறங்கும். அதுக்கு டீ பன்னு ஆவாது. பிரியாணி."

"சப்ஜெக்ட்டுக்கு எதுவும் தெரிஞ்சிருக்கக் கூடாதேங்க."

"எனுக்கு ஒண்ணியும் தெரியாதுன்னு பதினோரு வருசமா கையெய்த்து போட்டுகினு கீறேன் நைனா. எவனாவது இல்லன்னு சொல்ட்டும்."

குணசேகரனுக்கு இந்த வியாபாரம் பிடிபடவில்லை. படிக்கும் இடத்தில் உண்மையைத்தான் எழுத வேண்டும் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தான். யாரும் அவனைத் திருத்தவுமில்லை. வாரவிடுமுறையில் இருந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனான்.

தாயம்மாளின் வேலை என்னவென்று இங்கே சொல்லிவிட வேண்டும். பாலாறு ஸ்போக்ஸில் பெண்களுக்கு இரண்டே இடம். ஒன்று சோதனை மேசை. கம்பிகளைக் கொட்டிப் பரப்பியதும், நீளம் பிசகியதைக் கண்ணால் பார்த்துப் பொறுக்க வேண்டும். மற்றது ஆசிட் தொட்டி. துருப்போக்கக் கம்பியை முக்கி எடுக்க வேண்டும்; ஆறு மாதத்தில் நகம் உதிரும், ஒரு வருஷத்தில் இருமல் வரும். மேசையா தொட்டியா என்பதுதான் அங்கே ஒரு பெண்ணின் ஜாதகம். தாயம்மாள் ஒன்பது வருஷமாகத் தற்காலிகமாக மேசையில் இருந்தாள். கால் மில்லிமீட்டர் குறைந்த கம்பியும் அவள் கையிலிருந்து தப்பியதில்லை. ஏப்ரலில் நிரந்தர உத்தரவு வரவேண்டியிருந்தது.

அவள் அம்புப் பலகை முன் உட்கார்ந்து, கோட்டை ஒரு தடவை இழுத்தாள்.

"ஆச்சி. ரெண்டும் ஒண்ணு."

பின்னால் பார்த்தான். பிழை பூஜ்யம். இருபது தடவையும் பூஜ்யம்.

துறைத் தலைவர் பேராசிரியர் ரகுநாதன் மேற்பார்வைக்கு வந்தார். ஆறு வாரம் வெளிநாட்டில் பயிற்சி பெற்றுத் திரும்பியதிலிருந்து அம்பத்தூர் வெயிலிலும் கழுத்துப்பட்டையைக் கழற்றாதவர். ஏட்டைப் பார்த்தார்.

"என்னப்பா இது? புத்தகம் பதினெட்டுங்கறது. உங்க அம்மா பூஜ்யம்ங்கறாங்க. ரெண்டு பேர்ல யார் அதிகம் படிச்சவங்க?"

"அம்மா படிக்கலீங்க சார்."

"பார்த்தியா. நீயே ஒத்துக்கறே."

தாயம்மாள் எழுந்து நின்றாள். "ரெண்டும் ஒரே நீளம் வெக்கச் சொன்னாங்க. வெச்சிட்டேன் சார். தப்புன்னா நீங்க ஒருவாட்டி வெச்சிக் காட்டுங்க."

பேராசிரியர் மாணவர்களைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்தார். கோட்டை இழுத்தார், தள்ளினார், தலையைச் சாய்த்தார், திருப்தியோடு கையை எடுத்தார்.

"இது குட்ட சார்," என்றாள் தாயம்மாள். "இருவத்திமூணு மில்லி கொறச்சலா கீது. எங்க மேசைக்கு வந்தா தூக்கி கழிவுல போட்ருவேன்."

பின்னால் பார்த்தார்கள். இருபத்திமூன்று.

"கவனிச்சீங்களா?" என்றார் பேராசிரியர் பெருமிதமாக. "புத்தகத்துல சொன்னதைவிட அஞ்சு அதிகம். பயிற்சி பெற்ற மனசு எவ்வளவு ஆரோக்கியமா ஏமாறுதுன்னு எழுதிக்குங்க." எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

மறுநாள் துறைக் குழு கூடியது. காபியும் முறுக்கும் வந்தன. புத்தகத்துக்கும் தாயம்மாளுக்கும் இடையில் உள்ள பதினெட்டு மில்லிமீட்டருக்கு யார் பொறுப்பு என்பது கேள்வி. பலகை கோணல் என்று சொல்லலாம். ஆனால் அது டெண்டர் விட்டு வாங்கிய பலகை, கோணல் என்றால் ஆடிட்டர் வருவார். புத்தகம் தவறு என்று சொல்லலாம். ஆனால் அந்தப் புத்தகத்தை வைத்துத்தான் அறையிலிருந்த அத்தனை பேரும் டாக்டர் ஆகியிருந்தார்கள். தாயம்மாளைச் சொன்னால் யாரும் கேட்க வரமாட்டார்கள். ஆகவே ஆழ்ந்த விவாதத்துக்குப் பிறகு தாயம்மாள் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டாள்.

இதோடு நிறுத்தியிருந்தால் மதிப்பெண்ணோடு போயிருக்கும். ஆனால் அந்த ஆண்டு பல்கலைக்கழகம் 'ஆய்வைத் தொழிற்சாலைக்குக் கொண்டுசெல்லும் ஆண்டு' என்று அறிவித்திருந்தது. மார்ச் வந்தும் எதையும் கொண்டுசென்றபாடில்லை. பேராசிரியர், ஏட்டில் சப்ஜெக்ட்டின் தொழில் என்று எழுதியிருந்ததைப் பார்த்து, பாலாறு ஸ்போக்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். 'சாதாரண மனிதர் அனைவருக்கும் ஏற்படும் பிழை மேற்படி பெண்மணிக்கு ஏற்படுவதில்லை. எனவே இவருடைய பார்வை இயல்புக்குப் புறம்பானது என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்.'

கடிதம் தொழிற்சாலையின் நலன் அதிகாரி மனோகரனிடம் போயிற்று. பன்னிரண்டு சனிக்கிழமைகள் அதே துறைக்கு வந்து டிப்ளமா வாங்கிச் சுவரில் மாட்டியிருந்தவர். கடிதத்தை எழுந்து நின்று படித்தார் என்று சொல்கிறார்கள்.

"யுனிவர்சிட்டியே சொல்லிட்டாங்கம்மா," என்றார் தாயம்மாளிடம். "பார்வை சரியில்லாத ஒருத்தர சோதனை மேசையில வச்சிருந்தா நாளைக்கு கம்பெனிக்குக் கெட்ட பேரு."

"ஒம்பது வருசத்துல நான் உட்ட கம்பி ஒண்ணு திரும்பி வந்துகீதா சார்?"

"வரல. அதான் இயல்புக்குப் புறம்பா இருக்குன்னு எழுதியிருக்காங்க. நீங்க நார்மல்னு அவங்ககிட்ட சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க, நிரந்தர உத்தரவப் பத்தி அப்புறம் பேசலாம். அதுவரைக்கும் தொட்டில இருங்க."

நான்காம் நாள் குணசேகரன் வீட்டுக்கு வந்தபோது தாயம்மாள் கரண்டியால் சோறு தின்றுகொண்டிருந்தாள். விரல்களில் தோல் உரிந்திருந்தது; குழம்பு பட்டால் எரிகிறது என்றாள். அவன் சோற்றைப் பார்த்தான், கரண்டியைப் பார்த்தான், வந்த வழியே திரும்பிப் பல்கலைக்கழக வாசலுக்கு நடந்தான்.

மதுரைவீரன் கதை முழுவதையும் கேட்டு டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"அட பேமானிங்களா," என்றான். சற்று யோசித்து, "நான் அவனுங்கள சொன்னேன், உன்னியில்ல. உன்னியும் சொல்லலாம். பிரியாணி செலவுன்னு தாயைக் கூட்டினு போனியே."

மறு சோதனைக்கு மூன்று பிரதிகளில் மனுப் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் மதுரைவீரன் மேனாம்பேட்டுக்கே வந்தான். ஒட்டுப்பலகையில் தானே செய்து, சாக்பீஸால் கோடு போட்ட அம்புப் பலகை ஒன்று அவன் அக்குளில் இருந்தது. பதினோரு வருஷத் தொழிலில் இது அவனுடைய மூலதனம்.

"யக்கா, இப்ப இது ரெண்டும் சமம்னு உங்கண்ணுக்குத் தெரிது இல்ல? அங்கேர்ந்து பதினெட்டு மில்லி உள்ள தள்ளிடு."

"தள்ளிட்டு?"

"சமமா கீதுன்னு சொல்லிடு."

"இல்லியே."

"இல்ல. ஆனா சொல்லணும்."

தாயம்மாளின் கை கோட்டின் மேல் நின்றது. தள்ள மாட்டேனென்றது. ஒன்பது வருஷமாகக் குட்டைக் கம்பியைக் கண்டால் எடுத்து எறிந்த கை. மூன்று தடவை தள்ளி, மூன்று தடவையும் தன்னையறியாமல் சமத்துக்கே கொண்டுவந்துவிட்டாள்.

"தப்பா வெக்க மனசு வரலப்பா."

"அதான்க்கா வியாதின்றானுங்க. மனச உடு. தொட்டிய நென."

நினைத்தாள். தள்ளினாள். குணசேகரன் ஸ்கேலை வைத்துப் பார்த்தான். சரியாகப் பதினெட்டு. மறுபடியும் பதினெட்டு. பத்துத் தடவையும் பதினெட்டு.

மதுரைவீரனின் முகம் வெளிறிவிட்டது. "யக்கா, கெட்து குடி. இப்டி ஒரே மாரி வரக்கூடாது. மன்சன் தப்பு பண்ணா ஒருவாட்டி பதினாறு, ஒருவாட்டி இருவது, முன்ன பின்ன ஆவணும். கூட்டிக் கயிச்சி பதினெட்டு வரணும்."

"பதினெட்டுன்னு சொன்ன. பதினெட்டு வெச்சேன்."

"கொஞ்சம் மேல கீய வெய்யின்றேன்."

"அது ஒயுங்கில்லாத வேலை. தப்புன்னாலும் அளவோட வெப்பேன். முடியாதுன்னா சொல்லு, தொட்டிக்கே போறேன்."

எத்தனையோ பேரம் பேசிய மதுரைவீரனுக்கு அந்த ஒரு பேரம் படியவில்லை. "மாட்டிக்கினா என் பேரு வெளிய வரக்கூடாது," என்று சொல்லிவிட்டுப் பலகையைத் துண்டில் சுற்றிக் கட்டிக்கொண்டு போனான்.

மறு சோதனைக்கு மூன்று பேராசிரியர்கள் வந்தார்கள். கண்ணெதிரே இருபது தடவை தாயம்மாள் கோட்டைச் சமமாக்கினாள். இருபது தடவை பதினெட்டு மில்லிமீட்டர் தள்ளினாள். ஒவ்வொரு தடவையும் "சமமா கீது சார்," என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். ஏட்டில் பதினெட்டு, பதினெட்டு, பதினெட்டு என்று பள்ளிக்கூடத்துத் தண்டனை எழுத்துப்போல் இறங்கியது. மாட்டிக்கொண்டோம் என்றே குணசேகரன் நினைத்தான்.

பேராசிரியர் ரகுநாதன் ஏட்டை எடுத்தார். வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இருபத்தாறு வருஷ சர்வீஸ்," என்றார். "புத்தகத்துல இருக்கற எண் அப்படியே ஒரு மனுஷர்கிட்ட வந்து நான் பார்த்ததில்ல. எல்லாரும் கொஞ்சம் முன்னே பின்னே இருப்பாங்க. இந்த அம்மா ஒருத்தங்கதான் முழு நார்மல்."

இரண்டாவது பேராசிரியர், "நம்முடைய கடிதம் ஏற்படுத்திய அதிர்ச்சியினால் குணமாகியிருக்கிறார். இதைச் சிகிச்சை என்றே சொல்லலாம்," என்றார். மூன்றாமவர் அந்தச் சிகிச்சைக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும் என்றார். தங்கள் மூவர் பெயரில் எதை முன்னால் போடுவது என்பதில் அரைமணி நேரம் போயிற்று. தாயம்மாள் நின்றுகொண்டே இருந்தாள்.

சான்றிதழ் கெட்டிக் காகிதத்தில், பல்கலைக்கழக முத்திரையோடு வந்தது. 'திருமதி தாயம்மாள், நீளங்களை மதிப்பிடுவதில் சராசரியாகப் பதினெட்டு மில்லிமீட்டர் பிழை செய்கிறார் என்றும், முற்றிலும் இயல்பானவர் என்றும் இதனால் சான்றளிக்கப்படுகிறது.'

குணசேகரன் அதை உறையில் போட்டு அம்மாவோடு பாலாறு ஸ்போக்ஸுக்கு எடுத்துப்போனான். நலன் அதிகாரி மனோகரன் இதையும் நின்றுகொண்டே படித்தார். படித்துவிட்டு உட்கார்ந்தார்.

"ரொம்ப சந்தோஷம்மா. நீங்க நார்மல்."

"அப்ப நாளைக்கு மேசைக்கு வந்துரட்டா சார்?"

"அதெப்படிம்மா?" அவருக்கு உண்மையிலேயே ஆச்சரியம். "பதினெட்டு மில்லிமீட்டர் தப்பு பண்றீங்கன்னு யுனிவர்சிட்டி முத்திரை குத்திக் குடுத்திருக்கு. நம்ம மேசையில கால் மில்லிமீட்டர் தப்புக்கு இடமில்ல. நான் எப்படி உட்கார வைப்பேன்?"

"சார்," என்றான் குணசேகரன், "தப்பு பண்ணலன்னுதானே சார் மேசைலேர்ந்து எடுத்தீங்க."

"ஆமா. அப்ப நார்மல் இல்ல, எடுத்தோம். இப்ப நார்மல், அதனால வைக்க முடியல. ரெண்டு தடவையும் விஞ்ஞானப்படிதான் செஞ்சிருக்கோம். தம்பி உளவியல் படிக்கறவரு, உங்களுக்குப் புரியணும்." பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். "ஆனா சொன்ன வாக்கு மாறமாட்டேன். நிரந்தர உத்தரவு. இப்ப இருக்கற இடத்துலயே நிரந்தரம். கையெழுத்துப் போடுங்கம்மா."

இப்போது இருக்கும் இடம் ஆசிட் தொட்டி. தாயம்மாளால் பேனாவைப் பிடிக்க முடியவில்லை. மை தடவிக் கட்டைவிரலை அழுத்தினார்கள். ரேகை தேய்ந்துபோயிருந்ததால் காகிதத்தில் கறுப்பு வட்டம் மட்டும் விழுந்தது. அது போதும் என்றார் மனோகரன்.

குணசேகரன் நேராகப் பேராசிரியரின் அறைக்குப் போனான். நடந்ததைச் சொன்னான். பொய்ப் பலகை, பயிற்சி, பதினெட்டை அம்மா கண்ணால் அளந்து வைத்தது, ஒன்று விடாமல் சொன்னான். சான்றிதழைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அவள் கண் சரியானது என்று ஒரே ஒரு வரி எழுதித் தரும்படி கேட்டான்.

பேராசிரியர் பொறுமையாகக் கேட்டார்.

"குணசேகரன், நீ மனம் உடைஞ்சு போயிருக்கே. அதனால கற்பனை வருது. படிக்காத ஒரு பெண் மில்லிமீட்டரைக் கண்ணால அளக்கறதாவது? அதோட, அந்தச் சிகிச்சையைப் பத்தி நாங்க மூணு பேரும் எழுதின கட்டுரை அச்சுக்குப் போயாச்சு." எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார். "உனக்கு ஒரு நல்ல செய்தி. செய்முறையில நீதான் முதல் வகுப்பு. டாக்டர் பட்டத்துக்கும் இடம் போட்டிருக்கேன், உதவித்தொகையோட. தலைப்பும் நானே யோசிச்சிட்டேன். 'பணியிட மாற்றத்துக்கு உள்ளான பெண் தொழிலாளரின் மன வருத்தம்: ஓர் அளவீடு.' முதல் சப்ஜெக்ட் உன் வீட்டுலயே இருக்கு. வெளியே அலைய வேண்டாம் பார்."

சப்ஜெக்ட்டின் சம்மதப் படிவத்தை மூன்று பிரதிகளாக அவன் கையில் கொடுத்தார்.

அதைக் கிழித்துப் போடவேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தவன், கிழிக்காமலே வீட்டுக்கு வந்து சேர்ந்தான். உதவித்தொகை வந்தால் அம்மாவைத் தொட்டியிலிருந்து நிறுத்திவிடலாம் என்று ஒரு கணக்கும், அவள் தொட்டியில் இருந்தால்தான் உதவித்தொகை வரும் என்று இன்னொரு கணக்கும் தலைக்குள் ஓடின. தாயம்மாள் விரல்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். படிவத்தை அவள் பக்கத்தில் வைத்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"இன்னா கேப்பாங்க?" என்றாள்.

"எவ்ளோ வருத்தமா இருக்குதுன்னு கேப்பாங்கமா. கேட்டு அளந்து எய்திக்குவாங்க."

"அளப்பாங்களா."

"ஆமா."

அவள் எண்ணெய்க் கிண்ணத்தை மூடி வைத்தாள்.

"சர்தான். எத்தினி வர்த்தப்படணும்னு மொதல்ல பொஸ்தகத்துல பாத்துகினு வா நைனா. கரெக்டா அவ்ளோ வர்த்தப்பட்டுக் குடுக்கறேன்."